இணையத்தில் யூத வரலாறும் நூல்களும் கலையும்: ஓய்வுபெற்ற ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?

#1 வைகறை

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் யூதர்களைப் பற்றி இரண்டு பத்திகள் வரும். அந்த இரண்டிலும் அவர்கள் கொல்லப்படுவார்கள். "அதற்கு முன் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், அம்மா?" என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். பாடவேளை முடியும் தறுவாயில் இருந்ததால் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு இப்போதாவது விடை தேடலாம் என்று புறப்பட்டிருக்கிறேன்.

யேல் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டுள்ள கிறிஸ்டின் ஹேஸ் அவர்களின் எபிரேய வேதாகமம் பற்றிய 24 விரிவுரைகளையும் கேட்டு முடித்தேன். 2006-இல் பதிவுசெய்யப்பட்டவை என்றாலும் அவற்றின் தெளிவு சிறிதும் மங்கவில்லை. ஆயினும் அவை முடியும் இடத்தில்தான் என் கேள்வியே தொடங்குகிறது. எருசலேம் ஆலயம் அழிந்தபின் நாடு நாடாகச் சிதறி வாழ்ந்த ஒரு மக்கள் எதைப் படித்தார்கள், எதை வரைந்தார்கள், எப்படித் தங்களைக் காத்துக்கொண்டார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். எபிரேய எழுத்துகூட எனக்குத் தெரியாது. ஆங்கிலம் தடையின்றிப் படிப்பேன். வரலாறு, நூல்கள், கலை ஆகிய மூன்றில் எதிலிருந்து தொடங்குவது? இன்றைய அரசியலுக்கு வேறு இழைகள் இருப்பதால், அதனை இங்கே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

#2 ஐயவினா

வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும், அம்மா. நீங்கள் வரலாற்று ஆசிரியை என்பதற்காகச் சொல்லவில்லை. காலவரிசை மனத்தில் இல்லாமல் இந்த நூல்களுக்குள் நுழைபவர் முகவரி தெரியாமல் ஊருக்குள் நுழைந்தவரைப் போலச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

கி.பி. 70-இல் உரோமர்கள் ஆலயத்தை அழிக்கிறார்கள். ஏறத்தாழ 200-இல் கலிலேயாவில் யூதா ஹநாசி என்ற தலைவர் வாய்மொழிச் சட்ட மரபை மிஷ்னாவாகத் தொகுக்கிறார். அதன்மீது பாபிலோனியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பல தலைமுறைகள் நடத்திய விவாதமே கெமாரா. மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்த தால்மூது ஆறாம் நூற்றாண்டையொட்டி உருப்பெறுகிறது. பின்னர் இசுலாமிய ஆட்சியின்கீழ் ஒரு பெரும் பகுதியினரும், கிறித்தவ ஐரோப்பாவில் ஒரு சிறு பகுதியினரும் வாழ்கிறார்கள். 1242-இல் பாரிசு நகரில் தால்மூதுப் படிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்படுகின்றன. 1492-இல் எசுப்பானியாவிலிருந்து அவர்கள் வெளியேற்றப்படுகிறார்கள். இந்த எலும்புக்கூட்டையாவது முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சதையைப் பிறகு பூசலாம்.

தால்மூது ஏறக்குறைய முழுமையாக உள்ள பழைய கையெழுத்துப்படி உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. 1342-இல் எழுதப்பட்ட அது மியூனிக்கில் பவேரிய அரசு நூலகத்தில் உள்ளது. இணையத்தில் ஏடு ஏடாகப் புரட்டலாம். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரே ஒரு படி ஏன் எஞ்சியது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தாலே ஐரோப்பிய யூத வரலாற்றில் பாதி கைக்கு வந்துவிடும்.

#3 நெடுவழி

ஐயவினா சொல்லும் ஆண்டுகளில் எனக்கு மறுப்பில்லை, வழியில்தான் மறுப்பு. நான் அப்படித்தான் தொடங்கினேன். ஓராண்டு முழுவதும் விரிவுரைகள் கேட்டேன். முடிவில், அந்த மக்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்திருந்தது. அவர்கள் படித்த ஒரு வரியைக்கூட நான் படித்திருக்கவில்லை.

பிறகு நேர் எதிர்த் திசையில் ஒரு தவறு செய்தேன். நாள்தோறும் தால்மூதில் ஓர் ஏடு படிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தாஃப் யோமி என்பது அதன் பெயர். போலந்தைச் சேர்ந்த மெயிர் ஷபீரோ என்ற ரபி (யூத சமய ஆசான்) 1923-இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் இதை முன்மொழிந்தார். எந்த ஊரில் இருந்தாலும் எல்லாரும் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படிப்பார்கள். மொத்தம் 2711 ஏடுகள் என்பதால் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். பதினான்காம் சுற்று 2020 சனவரி 5-ஆம் நாள் தொடங்கியது. அது 2027 சூனில் முடியும். இணையத்தில் இதற்கெனக் கொட்டிக்கிடக்கும் ஒலிப்பதிவுகளை நம்பி நானும் அன்றே புறப்பட்டேன். நாற்பதாவது நாளில் மூச்சு நின்றுவிட்டது. அந்நூல் எவருக்கும் முன்னுரை தருவதில்லை. ஒவ்வொரு பகுதியும் முதலாம் ஏட்டில் அல்லாமல் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்குகிறது என்பது அச்சகத்தார் வழக்கம் என்றாலும், படிப்பவர் மனநிலைக்கு அது மிகவும் பொருத்தமாகவே இருக்கிறது. நீங்கள் நுழையும்போது உரையாடல் ஏற்கெனவே சூடுபிடித்திருக்கும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். தால்மூதையே தொடுங்கள், ஆனால் நாளைக்கு ஓர் ஏடு வேண்டாம், கிழமைக்கு ஒரு மிஷ்னா, அதாவது மிஷ்னாத் தொகுப்பின் ஒரு சிறு பத்தி, போதும். அதையும் தனியாகப் படிக்காமல் இன்னொருவருடன் சேர்ந்து படியுங்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே வரியைச் சத்தமாகப் படித்து, ஒருவரையொருவர் மறித்துக் கேள்வி கேட்கும் முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தோழமை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது.

நூல்களுக்குச் செஃபாரியா என்ற இலாப நோக்கற்ற தளம் ஒன்றே போதுமானது. எபிரேய, அராமேய மூலங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து இருக்கும். எந்த வரியைத் தொட்டாலும் அதற்கு எழுதப்பட்ட உரைகள், அது மேற்கோள் காட்டும் வேதாகம வரி, அதை மேற்கோள் காட்டும் பிற்கால நூல் எல்லாம் பக்கவாட்டில் திறந்துகொள்ளும். அதீன் ஸ்டைன்சால்ட்ஸ் 1965-இல் தொடங்கி 2010-இல் முடித்த பெரும்பணியை ஒட்டிய ஆங்கிலப் பதிப்பு 2017 முதல் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நுட்பத்தை மட்டும் முதல் நாளே கவனியுங்கள்: தடித்த எழுத்தில் இருப்பது மூலத்தின் சொற்கள், மெல்லிய எழுத்தில் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் இட்டுநிரப்பல். தடித்த சொற்களை மட்டும் தொடர்ந்து படித்துப் பார்த்தால் மூலம் எவ்வளவு சிக்கனமாகப் பேசுகிறது என்பது தெரியும். நன்னூல் சூத்திரம்கூட அதற்குமுன் வாயாடிதான்.

#4 ஐயவினா

நெடுவழி அவர்களே, அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் நீங்களே ஓராண்டு வரலாறு கேட்டுவிட்டுத்தான் அந்த ஏட்டைத் திறந்தீர்கள். ஏறிய ஏணியை எட்டி உதைத்துவிட்டு, மற்றவர்களைக் குதித்து ஏறச் சொல்வது முறையா?

#5 சுவரோவியன்

இருவரும் சண்டையிடுங்கள், அதற்குள் நான் அம்மாவைச் சித்திரக் கூடத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

யூதர்கள் உருவம் வரையாத மக்கள் என்றே கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். பத்துக் கட்டளைகளில் ஒன்று அதைத் தடுக்கிறது, ஆகவே அவர்களிடம் ஓவியமே இல்லை என்பது வாதம். 1932-இல் சிரியாவில் யூப்ரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்பசு என்ற பாழடைந்த நகரைத் தோண்டியபோது அந்த வாதம் ஒரே நாளில் சரிந்தது. அங்கே வெளிப்பட்ட யூதச் செபக்கூடத்தின் சுவர்கள் எங்கும் உருவங்கள்: ஆற்றிலிருந்து எடுக்கப்படும் குழந்தை மோசே, பாரசீக அரசவையில் எஸ்தர், உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் எசேக்கியேலின் காட்சி. அவை ஏறத்தாழ கி.பி. 245-இல் தீட்டப்பட்டவை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பாரசீகப் படை நகரை முற்றுகையிட, மதிலை வலுப்படுத்துவதற்காக அதையொட்டியிருந்த கட்டடங்களுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். நகரம் 256-இல் வீழ்ந்தது. மண்ணுக்குள் போன ஓவியங்கள் பிழைத்தன. இன்று அவை திமிஷ்கு (டமாஸ்கசு) தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. நம்மில் எத்தனை பேரால் அங்கே போக முடியும்? இணையம் இல்லாவிட்டால் இந்தச் சுவர்கள் எனக்கு இல்லை.

அடுத்து, இசுரேலின் வடபகுதியிலுள்ள பெத் ஆல்ஃபா. 1928-இன் இறுதியில், பக்கத்துக் கூட்டுப்பண்ணையைச் சேர்ந்தவர்கள் பாசன வாய்க்கால் வெட்டும்போது ஆறாம் நூற்றாண்டுச் செபக்கூடம் ஒன்றின் வண்ணக்கல் தரை தென்பட்டது. நடுவே பன்னிரு இராசிகளின் வட்டம். அதன் மையத்தில் நான்கு குதிரைத் தேரில் சூரியன்! ஒரு முனையில் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போகும் காட்சி. மறு முனையில் திருமறைப் பேழை. கிரேக்கக் கல்வெட்டு ஒன்று மரியானோசும் அவர் மகன் ஹனினாவும் இதைச் செய்தார்கள் என்கிறது. அவர்கள் கைத்தேர்ச்சி மிக்கவர்கள் அல்லர்; ஆட்கள் பொம்மை போலவே நிற்பார்கள், நான்கு மூலையிலுள்ள பருவங்கள் அருகிலுள்ள இராசிகளோடு பொருந்தவே பொருந்தா. ஆனால் கத்தியைக் கண்ட அந்தச் சிறுவனின் அந்தரத்தில் தொங்கும் உடலைப் பாருங்கள். அருமையான ஓவியர்கள் பலர் அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தந்தையும் மகனும் போதும்.

வேலைக்கு உதவும் தளம் ஒன்று: எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூதக் கலை மையம் நடத்தும், பெசலேல் நார்கிஸ் பெயரிலான கலை அட்டவணை. கட்டடம், கையெழுத்துப்படி, சடங்குப் பொருள் என எதையும் அதில் சித்திரிக்கப்பட்ட காட்சி வாரியாகத் தேடலாம். "ஈசாக்கின் பலி" என்று தேடி, ஆயிரம் ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது எந்த வகுப்பும் தராத பயிற்சி.

#6 வைகறை

மூவருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் தூராவின் சுவரைவிட்டு நகர முடியவில்லை.

நேரலை வகுப்பு ஒன்றில் சேரலாமா என்று பார்த்தேன். நியூயார்க்கில் மாலை ஏழு மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு விடியற்காலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. என் புனைபெயருக்கு அது பொருத்தம்தான். எருசலேமில் இரவு எட்டு மணி வகுப்பு நமக்குப் பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வருகிறது. பணம் கட்டிச் சேர்வது பயனளிக்குமா?

#7 சுவரோவியன்

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பத்து வாரக் கலை வரலாற்று வகுப்பு ஒன்றுக்கு ஓர் இருசக்கர வண்டியின் முன்பணம் அளவுக்குக் கட்டினேன். திரையில் நாற்பது கறுப்புக் கட்டங்கள். அவற்றில் ஒன்று நான். ஆசிரியர் அறிஞர்தான், ஆனால் படத்தைக் காட்டியவுடனேயே அதன் பொருளையும் சொல்லிவிடுவார். பறவைத்தலை ஹக்காதாவைக் காட்டிய நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹக்காதா என்பது பஸ்கா பண்டிகை இரவில் குடும்பமாக அமர்ந்து படிக்கும் விடுதலைக் கதைநூல். 1300-ஐ ஒட்டித் தென் செருமனியில் எழுதப்பட்ட இந்தப் படியில் யூதர்கள் எல்லாருக்கும் பறவைத் தலை. ஏன் என்பதற்கு அறிஞர்களிடையே இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நாற்பது பேர் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கக்கூடிய படம் அது. மூன்று நிமிடத்தில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாணவர்களைச் சிறு அறைகளாகப் பிரித்துப் பேசவைப்பார்களா? இல்லையெனில் யூடியூபில் இலவசமாகக் கேட்பதே மேல். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால் அநேகமாக வகுப்பு இராது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பண்டிகைகள் வரிசையாக வந்து அட்டவணையைக் குலைத்துவிடும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

#8 மரக்கலம்

நான் இந்தியப் பெருங்கடல் வாணிகம் வழியாக இதற்குள் வந்தவன். எனவே நான்காவதாக ஒரு வாசலைக் காட்டுகிறேன்: குப்பை.

இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளை எறியக்கூடாது என்பதால் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா செபக்கூடத்தினர் கழித்த தாள்களைக் கெனீசா என்ற ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். வழக்கத்தில் எல்லா எழுத்தும் அங்கே போய்ச் சேர்ந்தது: திருமண ஒப்பந்தம், கடைக்கணக்கு, கடன் சீட்டு, பிள்ளை எழுதிப்பழகிய தாள், கணவனுக்கு மனைவி எழுதிய முறையீடு. 1896-இல் இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் ஆக்னசு லூயிசும் மார்கரெட் கிப்சனும் தாங்கள் வாங்கிவந்த ஏடுகளைக் கேம்பிரிட்ஜில் எபிரேய நூல் அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்ட, அவர் அதே ஆண்டு கெய்ரோவுக்குப் புறப்பட்டார். அவர் கொண்டுவந்த கெனீசாத் தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன.

அவற்றில் ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். துனீசியாவின் மஹ்தியா ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜூ, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் குடியேறி, வெண்கலப் பட்டறை நடத்தி, ஏடனிலுள்ள கூட்டாளிகளுடன் மிளகும் பாத்திரமும் வாணிகம் செய்தார். 1132-இல் ஆஷு என்ற அடிமைப்பெண்ணுக்கு அவர் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இன்றும் இருக்கிறது. அவளே பின்னர் அவருடைய மனைவியானாள் என்பது ஆய்வாளர் கருத்து. பொம்மா என்ற ஊழியன் அவருக்காகக் கடல் கடந்து போய்வந்தான். இவற்றையெல்லாம் கடிதம் கடிதமாகக் கோத்தெடுத்தவர் எஸ். டி. கொய்ட்டைன். கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். பிரின்ஸ்டன் கெனீசாத் திட்டத்தின் தளத்தில் அவற்றின் படங்களையும் எழுத்துப்பெயர்ப்புகளையும் தேடிப் பார்க்கலாம்.

மொழி தெரியாதவர்களுக்கும் வேலை இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2017-இல் தொடங்கிய பொதுமக்கள் திட்டத்தின் முதற்கட்டத்தில், ஒரு துண்டைப் பார்த்து எழுத்து எபிரேயமா அரபா என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். நானும் சில நூறு துண்டுகளைப் பிரித்தேன். முதல் வாரத்தில் எல்லாம் பூச்சி ஊர்ந்த தடம் போலத் தெரிந்தது. மூன்றாம் வாரத்தில், வேதத்தைப் படியெடுப்பவன் நிதானமாக எழுதியது எது, அவசரத்தில் வணிகன் கிறுக்கியது எது என்று கண் தானே பிரிக்கத் தொடங்கியது.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஆவணம் ஒன்றும் உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழு உரிமையும் எழுபத்திரண்டு விடுபேறும் வழங்கிய செப்பேடு கொச்சியில் இருக்கிறது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதில் அவர் பெயர் "இசுப்பு இரப்பான்" என்று வருகிறது. கல்வெட்டுத் தமிழ் பழகியவர்கள் எவருடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளலாம். யூத வரலாற்றின் மூல ஆவணம் ஒன்றை ஆங்கிலத்தின் துணையின்றி நாம் படிக்கக்கூடிய அரிய வாய்ப்பு இது.

#9 நெடுவழி

ஐயவினா எழுதியது: "ஏறிய ஏணியை எட்டி உதைத்துவிட்டு..."

ஏணிக்கு நன்றி சொல்லாதது என் குற்றம்தான். ஆனால் வயதுவந்தோர் கல்வி என்ற கேள்விக்கு அந்த மக்களே நூறு ஆண்டுகளுக்கு முன் என்ன விடை தந்தார்கள் என்று பாருங்கள். 1920-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற தத்துவ அறிஞர் பெரியவர்களுக்காக ஒரு கல்வி இல்லம் தொடங்கினார். அங்கே வந்தவர்கள் நம்மைப் போன்றவர்களே: மருத்துவர், வழக்கறிஞர், வணிகர், செருமானியப் பண்பாட்டில் ஊறியவர்கள், சொந்த நூல்களின் முதல் வரிகூட அறியாதவர்கள். வேதாகம வகுப்பை நடத்தியவர்களில் ஒருவரான எடுவார்ட் ஸ்ட்ராவுஸ் தொழிலால் வேதியியலர். எல்லாம் தெரிந்தவர் மேடையேறித் தெரியாதவருக்குச் சொல்வது என்ற ஏற்பாட்டையே ரோசன்ஸ்வைக் விரும்பவில்லை. முன்பெல்லாம் கல்வி நூலிலிருந்து வாழ்க்கைக்குச் சென்றது. இனி வாழ்க்கையிலிருந்து, விளிம்பிலிருந்து, நூலை நோக்கி வர வேண்டும் என்பது அவர் கொள்கை. அடுத்த சில ஆண்டுகளில் நோய் அவர் உடலை முடக்கியது, 1929-இல் காலமானார். நாசிகள் ஆட்சியைப் பிடித்த 1933-இல், யூதர்கள் பொதுவாழ்விலிருந்து துரத்தப்பட்ட வேளையில், மார்ட்டின் பூபர் அந்த இல்லத்தை மீண்டும் திறந்தார். அம்மாவின் மாணவி கேட்ட கேள்விக்கு ஒரு விடை இதுவும்தான்: அந்த ஆண்டுகளில் அவர்கள் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏன் இருவர் என்பதற்குத் தால்மூதிலேயே ஒரு கதை இருக்கிறது. பாபா மெத்சியா என்ற பகுதியில் 84-ஆம் ஏடு. கொள்ளையனாக இருந்து அறிஞனான ரேஷ் லாக்கீசும் அவருடைய ஆசான் யோகனானும் படிப்புத் தோழர்கள். வாள், கத்தி போன்ற கருவிகள் எப்போது முழுமை பெற்றனவாகக் கருதப்படும் என்ற விவாதத்தில், "கொள்ளையனுக்குத் தன் தொழிற்கருவி தெரியும்" என்று யோகனான் சுடுசொல் சொல்லிவிடுகிறார். மனம் புண்பட்ட இருவரும் பிரிகிறார்கள். ரேஷ் லாக்கீசு இறந்துபோகிறார். துயரத்தில் வாடும் யோகனானுக்குத் துணையாக எலெயாசர் என்ற அறிஞரை அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் "உங்கள் கூற்றுக்கு இதோ சான்று" என்று இவர் எடுத்துத் தருகிறார். யோகனான் வெதும்புகிறார்: நான் சொல்வது சரி என்பது எனக்கே தெரியாதா? லாக்கீசின் மகன் (ரேஷ் லாக்கீசைத்தான் சொல்கிறார்) இருபத்துநான்கு தடை எழுப்புவான், நான் இருபத்துநான்கு விடை சொல்வேன், பொருள் தானாக விரியும்! ஆமோதிக்கும் துணை அவருக்குத் துணையாகவே இல்லை.

#10 ஐயவினா

கதை நெஞ்சைத் தொடுகிறது என்பதே எனக்கு அச்சம். யோகனான் மூன்றாம் நூற்றாண்டில் திபேரியாவில் வாழ்ந்தவர். இந்தக் கதை நமக்குக் கிடைப்பதோ பல தலைமுறைகளுக்குப் பின் பாபிலோனியாவில் உருவான தொகுப்பில். பாபிலோனியக் கல்விச்சாலையில் சொல்லம்பு எய்து ஒருவரையொருவர் புண்படுத்தும் வழக்கம் பற்றிய கவலையை, கலிலேயாவின் பழைய பெயர்கள்மீது ஏற்றிச் சொல்லியிருக்கலாம் என்று வாசிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இதை வாழ்க்கை வரலாறு என்று எடுத்துக்கொள்பவர் ஏமாறுவார். நான் காலவரிசையை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்று. இவை இன்றும் நாள்தோறும் வழிபாட்டிலும் வழக்கிலும் புழங்கும் நூல்கள். வெளியிலிருந்து படிக்கும் நாம் பரிமேலழகரையும் ராஷியையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடத் துடிப்போம். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, கடினச் சொல் வரும்போது தம் ஊர்ப் பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதி விளக்குவார்; அச்சொற்களால் பழைய பிரெஞ்சு மொழி ஆய்வாளர்களே பயனடைகிறார்கள். அவரை அவர் ஊரில் வைத்தே முதலில் பார்க்க வேண்டும். 1520-களில் வெனிசில் தானியேல் பொம்பெர்க் என்ற கிறித்தவர் அச்சிட்ட தால்மூதுப் பதிப்புதான் நடுவில் மூலம், ஒருபுறம் ராஷி, மறுபுறம் தோசஃபோத் உரை என்ற பக்க அமைப்பையும் ஏட்டெண்களையும் நிலைநிறுத்தியது. நெடுவழி குறிப்பிட்ட 84 என்ற எண்கூட அந்த அச்சகத்தின் கொடை.

இவ்வளவும் சொன்னபின், ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் இதுவரை யாருடனும் சேர்ந்து படித்ததில்லை.

#11 வைகறை

ஆறு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். மரக்கலம் அவர்களும் நானும் செவ்வாய்தோறும் இரவு எட்டரை மணிக்கு ஸூமில் படிக்கிறோம். நெடுவழி சொன்னபடி பாபா மெத்சியாவின் முதல் மிஷ்னாவை எடுத்தோம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

இருவர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் "நான் கண்டெடுத்தேன்" என்கிறான், அவனும் "நான் கண்டெடுத்தேன்" என்கிறான். இவன் "முழுதும் எனது" என்கிறான், அவனும் "முழுதும் எனது" என்கிறான். இவன் தனக்குப் பாதிக்குக் குறையாமல் உண்டு என்று ஆணையிட வேண்டும், அவனும் அவ்வாறே ஆணையிட வேண்டும், பிறகு பங்கிட்டுக்கொள்வார்கள்.

இதைப் படிக்க அரை நிமிடம் போதும். எங்களுக்கு மூன்று செவ்வாய்கள் ஆயின. முழுதும் தனது என்றவன் ஏன் "பாதிக்குக் குறையாமல்" என்று வளைத்து ஆணையிட வேண்டும் என்பதிலேயே முதல் இரவு போயிற்று. "முழுதும் எனது" என்று ஆணையிட்டுவிட்டுப் பாதியை வாங்கிச் சென்றால் ஆணை பொய்போலத் தோன்றும். "பாதி எனது" என்றால் அவனுடைய முதற்கூற்றே பொய்யாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சொற்றொடரைச் செதுக்கியிருக்கிறார்கள். மிஷ்னா அடுத்து, ஒருவன் முழுதும் என்றும் மற்றவன் பாதி என்றும் கேட்டால் என்ன என்கிறது: முதல்வனுக்கு முக்கால், மற்றவனுக்குக் கால். பாதியைப் பற்றி வழக்கே இல்லை. வழக்குள்ள மறு பாதியைத்தான் பிரிக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க நான் கரும்பலகை இல்லாமல் வீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் கட்டம் போட்டேன்.

#12 மரக்கலம்

அம்மா அடக்கமாகச் சொல்கிறார்கள். நான் சொல்லும் எதையும் அவர்கள் எளிதில் ஏற்பதில்லை. யோகனானுக்கு இவர்களை அனுப்பியிருக்கலாம்.

மூன்றாம் இரவில் எனக்கு ஒரு தடை எழுந்தது. இருவரில் ஒருவன் பொய்யன் அல்லவா? பொய்யனுக்குப் பாதியைத் தூக்கிக்கொடுப்பது என்ன நீதி? தேடியபோது அதே பகுதியின் மூன்றாம் அதிகாரத்தில் வேறொரு வழக்கு கிடைத்தது. இருவர் ஒருவரிடம் பணம் ஒப்படைக்கிறார்கள், ஒருவர் நூறு, மற்றவர் இருநூறு. பின்னர் இருவருமே இருநூறு தமது என்கிறார்கள். ஆளுக்கு நூறு கொடுத்துவிட்டு மிச்சத்தை எலியா (ஒருநாள் திரும்பி வருவார் என்று நம்பப்படும் இறைவாக்கினர்) வரும்வரை வைத்திருங்கள் என்கிறது மிஷ்னா. அப்படியானால் ஏமாற்றுபவனுக்கு என்ன நட்டம், எல்லாமே எலியா வரும்வரை கிடக்கட்டும் என்கிறார் ரபி யோசே. மேலாடை வழக்கில் மட்டும் ஏன் இவ்வாறு செய்யவில்லை?

பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக் கெமாராவைப் புரட்டினோம். மூன்றாம் ஏட்டின் முதற்பக்கத்திலேயே என் கேள்வி, ரபி யோசேயின் பெயரோடு, உட்கார்ந்திருந்தது. அங்கே தரும் விடை: பண வழக்கில் ஒருவன் பொய்யன் என்பது உறுதி. மேலாடையிலோ இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து எடுத்திருக்கலாம். இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

#13 ஐயவினா

ரபி யோசே செப்போரி நகரைச் சேர்ந்தவர், இரண்டாம் நூற்றாண்டு. அவர் சொல்லை எடுத்து மேலாடை வழக்கோடு மோதவிடும் அந்தப் பெயரற்ற குரல் சில நூற்றாண்டுகள் பிந்தியது. தம்மோடு வாதாடுவது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இதை மட்டும் உங்கள் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா.

அப்புறம், செவ்வாய் எட்டரை மணிக்கு மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டா?

#14 வைகறை

குறித்துக்கொண்டேன். ஆண்டுகளோடு வந்தால் இடம் உண்டு.

இந்த வாரம் 21-ஆம் ஏட்டின் மறுபக்கம். அடையாளம் ஏதுமற்ற பொருளைத் தொலைத்தவன் அதன்மீதான நம்பிக்கையைக் கைவிட்டால் அது கண்டெடுத்தவனுக்கு உரியது. ஆனால் தொலைந்ததே அவனுக்கு இன்னும் தெரியவில்லை என்று வையுங்கள். தெரிந்தால் நிச்சயம் கைவிடுவான். அதற்குள் ஒருவன் எடுத்துவிட்டான். கைவிட்டதாகக் கொள்ளலாமா? ஆகாது என்கிறார் அபாயே. ஆகும் என்கிறார் ரவா. நான் ரவாவின் பக்கம், மரக்கலம் அபாயேயின் பக்கம்.

#15 நெடுவழி

தீர்ப்பு அடுத்த ஏட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை யாரும் புரட்ட வேண்டாம். பக்கவாட்டுப் பலகையையும் மூடியே வையுங்கள்.